பத்துக்குப் பத்து அறையும் முட்டை அட்டையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை தருகிறேன். முன்வரிசையில் இருக்கிற தம்பி, எழுந்து நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். மற்றவர்கள் பேசாமல் காது கொடுங்கள்.

கேட்டீர்களா? தட்டியது ஒரு தட்டு. அது அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று பாருங்கள். தம்பி கையைக் கீழே இறக்கிய பிறகும் இந்த அரங்கம் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு நான் பேசுவது பாதிதான் புரிகிறது என்றால், குற்றம் என் குரலிலும் இல்லை, உங்கள் காதிலும் இல்லை. சுவர்கள் எனக்குப் போட்டியாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. இன்று நான் பேச வந்தது அந்தச் சுவர்களைப் பற்றித்தான்.

"ஒலிப்பதிவு, ஸ்டுடியோ எல்லாம் மெட்ராஸ் சமாச்சாரம், மல்லசமுத்திரத்துக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். நிறையவே சம்பந்தம் உண்டு. பக்கத்துத் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் அவர்கள் 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அங்கேதான் உருவாயிற்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பேசும் படம் வந்த புதிதில் நடிகர்கள் காமிரா முன் நின்றபடியே பாட வேண்டும். பக்கவாத்தியமும் அங்கேயே வாசிக்கும். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது, உள்ளே எழுந்த சத்தம் சுவரில் மோதித் திரும்பக்கூடாது. அதற்கென்றே கட்டடம் தேவைப்பட்ட காலம் அது. இன்று ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் வளைவு மட்டும் நிற்கிறது.

பிறகு காலம் மாறியது. 1992-இல் வெளியான 'ரோஜா' படத்தின் இசையை ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கினார். பெரிய கட்டடம் இல்லாமலும் நல்ல ஒலி கிடைக்கும் என்று ஊருக்கே தெரிந்தது. இன்று ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். குறும்படத்துக்கு டப்பிங், கோயில் திருவிழாப் பாட்டு, கூத்துக் கலைஞர்களின் பதிவு என்று நம் மாணவர்களே பலர் இறங்கியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் கருவிக்குக் கடன் வாங்கிச் செலவு செய்கிறவர்கள், அந்தக் கருவி உட்காரப் போகிற அறையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அமுச்சி கும்மிப் பாட்டு பாடுவார். நூற்றுக்கணக்கான பாட்டு, எல்லாம் மனப்பாடம். அவரைப் பதிவு செய்ய வேண்டும் என்று வீட்டு மாடியில் ஒரு பத்துக்குப் பத்து அறையை ஒதுக்கினேன். நம்ம நாமக்கல் பக்கம் முட்டை அட்டைக்கா பஞ்சம்? கோழிப்பண்ணைக்காரர் ஒருவரிடம் கட்டுக் கட்டாக வாங்கி வந்து நான்கு சுவரிலும் ஒட்டினேன். பார்க்க அசல் ஸ்டுடியோ மாதிரியே இருந்தது. அமுச்சியை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு நாள் பாட வைத்தேன். பிறகு கேட்டால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அடியில் பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் 'கடக் கடக்' என்று ஓடுகிறது. "அறையைச் சரி பண்ணிட்டு மறுபடியும் எடுத்துக்கலாம் அமுச்சி" என்றேன். "அதுக்கென்ன சாமி, ஆவட்டும்" என்றார். அந்த 'மறுபடியும்' வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

இப்போது எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. போட்டுப் பார்த்தேன். எதிரொலி குறைந்தது, கூடவே அமுச்சியின் குரலில் இருந்த கரகரப்பும் போய்விட்டது. யாரோ ஒருவர் பாடுகிற மாதிரி இருக்கிறது. நான் செய்த தவறு என்ன என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதல் தவறு, இரண்டு வேறு வேலைகளை ஒன்றாக நினைத்தது. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் சத்தம் சுற்றிச் சுற்றி அலையாமல் அடக்குவது இன்னொரு வேலை. தடுப்பதற்குக் கனம் வேண்டும்: செங்கல் சுவர், கெட்டிக் கதவு, இடுக்கில்லாத நிலை. அடக்குவதற்கு மென்மை வேண்டும்: பஞ்சு, கம்பளி, நார். முட்டை அட்டையில் கனமும் இல்லை, போதுமான தடிமனும் இல்லை. தறிச் சத்தத்துக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். கதவுக்குக் கீழே ஒரு விரல் இடுக்கு இருந்தாலே போதும், சத்தம் உள்ளே வந்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஓட்டை இருந்தால் மற்ற மூன்று பக்கச் சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பயன்?

இரண்டாவது தவறு, எல்லா ஒலியும் ஒரே அளவு என்று நினைத்தது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடுகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அதாவது ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல். 100 ஹெர்ட்ஸ் என்றால் 3.4 மீட்டர், பதினோரு அடி. பஞ்சு போன்ற பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தில் கால் பங்கு ஆழமாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1000 ஹெர்ட்ஸுக்கு மூன்றரை அங்குலம் போதும். பம்பையும் உறுமியும் எழுப்புகிற அடித்தொனிக்கு அடிக்கணக்கில் வேண்டும். முட்டை அட்டையின் காகிதக்கூழ் சில மில்லிமீட்டர் தடிமன்தான். அது மேல் ஸ்தாயிச் சத்தத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டு, கீழ் ஸ்தாயியை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால்தான் அமுச்சியின் குரல் தெளிவிழந்து, கிணற்று முழக்கம் மட்டும் மிஞ்சியது.

மூன்றாவது தவறு, அந்தப் பத்துக்குப் பத்து அறையேதான். நம்ம தார்சு வீடுகளில் அறை பத்தடி நீளம், பத்தடி அகலம், உயரமும் பத்தடி என்று கட்டிவிடுகிறோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி ஊஞ்சல் ஆடும். பத்தடி இடைவெளிக்கு அந்த ஊஞ்சல் நொடிக்கு 56 முறை ஆடுகிறது. நீளத்துக்கு 56, அகலத்துக்கு 56, உயரத்துக்கும் 56. மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே ஊஞ்சலைத் தள்ளினால் என்ன ஆகும்? அந்த ஒரு தொனி மட்டும் மூலைகளில் இடி மாதிரி முழங்கும். அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். அதன் இரட்டிப்பான 112-இலும் மும்மடங்கான 168-இலும் மூவரும் சேர்ந்து தள்ளும் இதே கூத்து நடக்கும். புதிதாகக் கட்டப் போகிறவர்கள் மூன்று அளவையும் வேறு வேறாக வையுங்கள். ஒன்று மற்றொன்றின் இரு மடங்காகவும் இருக்க வேண்டாம். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் கிடையாது. கொத்தனாரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

இந்தச் சாஸ்திரம் எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு கல்லூரி வகுப்பறையில்தான். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. முதல் வாக்கியம் ஓய்வதற்குள் அடுத்த வாக்கியம் அதன்மேல் ஏறிக்கொண்டது. இதைச் சரி செய்யும்படி வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து அடுக்குவார். ஊர் அடங்கிய பிறகு ஒரு ஆர்கன் குழலை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். இப்படியே இரண்டு மூன்று வருஷம். ஒரு ஆள் உட்கார்ந்தால் ஏறத்தாழ ஆறு மெத்தைக்குச் சமம் என்றுகூடக் கண்டுபிடித்தார். கடைசியில் ஒரு எளிய சூத்திரம் கிடைத்தது. 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி அரங்கை அந்தக் கணக்கின்படிதான் கட்டினார்கள். இன்றும் உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் அது ஒன்று.

சூத்திரத்தை நீங்களே போடலாம். அறையின் கன அடியை 0.049-ஆல் பெருக்குங்கள். அறைக்குள் இருக்கும் மொத்த உறிஞ்சலால் வகுங்கள். சத்தம் அடங்கும் நேரம் நொடியில் வரும். உறிஞ்சல் என்பது என்ன? ஒரு சதுர அடி திறந்த ஜன்னலை சபைன் ஒன்று என்று வைத்தார். அதில் போன சத்தம் திரும்பி வராது அல்லவா? பூசிய சுவர் 0.03 அளவுதான் உறிஞ்சும். நாலு அங்குலத் தடிமன் ராக்வூல் பலகை நடு ஸ்தாயியில் 0.8-க்குக் குறையாது. உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவருக்கு நாலரை முதல் ஐந்து என்று வையுங்கள்.

திறந்த ஜன்னல் என்றதும் எனக்கு நம்ம ஊர் பழைய தொட்டிக்கட்டு வீடுகள்தான் ஞாபகம் வரும். நடுவில் வானம் பார்த்த வாசல், அதற்கு உறிஞ்சல் முழுசாக ஒன்று. மேலே இடுக்கு இடுக்காக ஓடு, ஓரத்தில் கயிற்றுக் கட்டில், மூலையில் தானிய மூட்டை. அந்தத் திண்ணையில் அமுச்சி பாடியபோது குரல் எவ்வளவு சுத்தமாக இருந்தது! அதை விட்டுவிட்டு ஸ்டுடியோ என்று சொல்லி சிமெண்டுப் பெட்டிக்குள் அவரைக் கூட்டிப்போனது நான்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பன்னிரண்டுக்குப் பத்து அறை, உயரம் பத்து. 1200 கன அடி. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 680 சதுர அடி. அதை 0.03-ஆல் பெருக்கினால் உறிஞ்சல் சுமார் 20. 1200 பெருக்கல் 0.049, வகுத்தல் 20: ஏறத்தாழ மூன்று நொடி! இப்போது நாலுக்கு இரண்டடிப் பலகை பன்னிரண்டு மாட்டுங்கள். ஒரு மெத்தை போடுங்கள். இரண்டு பேர் உட்காருங்கள். உறிஞ்சல் 120-ஐத் தொடும். அடங்கும் நேரம் அரை நொடிக்கு வந்துவிடும். வீட்டில் பாட்டுக் கேட்க இது தாராளம். குரல் பதிவுக்கு இன்னும் கொஞ்சம் குறைத்து 0.3 அளவுக்குக் கொண்டுவந்தால் நல்லது.

பலகை செய்வது பெரிய வித்தை இல்லை. நாலு அங்குல ஆழத்தில் மரச் சட்டம், உள்ளே ராக்வூல், மேலே காடாத் துணி. துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும். போகாத துணி ஆகாது. ராக்வூல் தூசு பறக்கும், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். சுவரோடு ஒட்டாமல் மூன்று நாலு அங்குலம் தள்ளி மாட்டினால் கீழ் ஸ்தாயியிலும் வேலை செய்யும். முதலில் மூலைகளுக்கு, பிறகு ஒலி முதலில் மோதித் திரும்பும் இடங்களுக்கு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நண்பர் ஒருவரைச் சுவரோரமாக ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எங்கே ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கே ஒரு பலகை.

வீட்டில் பாட்டுக் கேட்கிறவர்கள் பலகை செய்வதற்கு முன் காசில்லாத வேலைகளைச் செய்யுங்கள். ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள்ளிருந்தும் மூலையிலிருந்தும் வெளியே எடுங்கள். சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணமாக அமையட்டும். நட்டநடுவிலும் உட்காராதீர்கள், பின்சுவரில் சாய்ந்தும் உட்காராதீர்கள். அறை நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். தரையில் ஒரு பவானி ஜமுக்காளம், ஒரு பக்கம் புத்தக அலமாரி. இவ்வளவுதான். புது ஸ்பீக்கர் வாங்கின மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற கேளிக்கை விடுதி தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்தார்கள் என்பதற்காக மேடைச் சுவரில் ஒட்டிய ஃபோம்தான் மத்தாப்புப் பொறி பட்டுப் பற்றிக்கொண்டது. 2013-இல் பிரேசிலில் கிஸ் என்ற விடுதியில் அதே போல் 242 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மாணவர்கள். மெத்தைக்கடை ஃபோமும் முட்டை அட்டையும் தீக்குத் தீனி. நம்ம வெயிலில், ஜன்னல் மூடிய அறையில், ஒயர்களுக்கு நடுவில் அவற்றை ஒட்டாதீர்கள். கழிவுப் பஞ்சும் இலவம் பஞ்சும் நம்மிடம் மலிவுதான், ஒலியையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் அவையும் எரியும். வீட்டில் மெத்தையாகக் கிடக்கட்டும். சுவரில் மாட்ட, எரியாத ராக்வூல்தான் சரி.

கடைசியாக நம் கல்லூரிக்கு வருகிறேன். இந்த அரங்குக்குப் பெரிய ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் வாங்கித் தர நம் சங்கம் யோசிப்பதாக அறிகிறேன். நல்ல எண்ணம். ஆனால் ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் என் குரலை இரண்டு மடங்காக்கினால், சுவரும் எதிரொலியை இரண்டு மடங்காக்கும். சண்டை பெரிதாகும், தெளிவு வராது. அந்தப் பணத்தில் முதலில் ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம் என்பது என் வேண்டுகோள்.

முப்பதுக்கு இருபத்தைந்து, உயரம் பதினொன்று என்று ஒரு வகுப்பறையை வைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போது சத்தம் அடங்க ஏறத்தாழ ஐந்து நொடி. ஐம்பது மாணவர்கள் உட்கார்ந்த பிறகும் ஒன்றே கால் நொடிக்கு மேல். இந்த அளவு வகுப்பறைக்கு, ஆள் இல்லாதபோதே 0.6 நொடிக்கு மேல் போகக்கூடாது என்று 2002-இல் வந்த அமெரிக்கத் தரநிர்ணயம் சொல்கிறது. கூரை முழுவதும் ஒலி உறிஞ்சும் பலகை அமைத்தால் நம் கணக்குப்படி அந்த 0.6 வந்துவிடுகிறது. ஒரே ஒரு கூரை. செய்வதற்கு முன்னும் பின்னும் பௌதிக மாணவர்களே அளக்கட்டும். சபைனுக்குக் கடிகாரம்தான் இருந்தது. உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்தால் கணக்குப் போட்டுவிடலாம்.

நான் படித்த காலத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவன். பாதிப் பாடம் புரியாமல், "எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் நடத்தும் பாடம், தமிழ்வழியில் படித்து வந்த பையன், மேலே சுற்றுகிற மின்விசிறி, நாலு பக்கமும் எதிரொலி. பாதிச் சொல் காதிலேயே விழவில்லை என்பது அப்போது தெரியாது. இன்றும் கடைசி பெஞ்சில் அப்படி ஒரு பையனோ பெண்ணோ உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் தங்களைத் தாங்களே மக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். கருவி பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். காதில் விழாமல் போன பாடத்தையும், பதிவாகாமல் போன குரலையும் திரும்ப வாங்க முடியாது.

வீட்டில் வயதான அமுச்சி, அப்பாரு இருக்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஸ்டுடியோ கட்டி முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தறிச் சத்தம் ஓய்ந்த ஒரு நேரம் பாருங்கள். கட்டிலும் மெத்தையும் துணிமணியும் நிறைந்த அறையாகப் பாருங்கள், அல்லது திண்ணையிலேயே உட்கார வையுங்கள். கையில் இருக்கிற செல்போனை முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.